ஒரு சைஸ் பெரியது

குளிர்காலத்துக்கு சைக்கிள் ஷூ வாங்க வருகிறவர்களிடம் கிங்கா முதலில் கேட்பது ஒன்றுதான்: சாக்ஸ் கொண்டுவந்தீர்களா? இல்லை என்றால், போய் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வரச் சொல்லிவிடுவாள். காலையில் பாதம் சுருங்கிக் கிடக்கும். நாள் முழுக்க நின்று நடந்த பிறகு சாயங்காலம்தான் அது தன் நிஜமான அளவுக்கு வரும். மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன்மேல் கம்பளி சாக்ஸ் ஒன்று, இரண்டையும் மாட்டிக்கொண்டு ஷூவுக்குள் கால் போக வேண்டும். எழுந்து நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். உள்ளே ஐந்து விரலும் தாராளமாக நெளிய வேண்டும். கோடையில் போடுவதைவிட ஒரு சைஸ் பெரியது, சிலருக்கு இரண்டு.

இறுக்கமாக இருந்தால்தான் சூடாக இருக்கும் என்று சொல்லாத ஆண்பிள்ளை சுவாவ்கி நகரத்தில் கிடையாது. அவர்களுக்கு அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். காலுக்குச் சூடு ஷூவிலிருந்து வருவதில்லை, ரத்தத்திலிருந்து வருகிறது. ஷூ வெறும் காவல்காரன். ரத்தம் போகிற வழியை நெரித்துவிட்டுக் காவல்காரனை மட்டும் வாசலில் நிறுத்தி என்ன பிரயோஜனம்?

"நீ ஷூ விக்கிறியா, காலேஜ் நடத்துறியா?" என்பார் கடை முதலாளி வால்தெமர். போலந்தில் எந்தக் கடையிலும் இப்படி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிற பெண் இல்லை என்றும் சொல்வார். ஆனால் திருப்பி அனுப்பியவர்கள் சாயங்காலம் சாக்ஸோடு வந்து நின்றார்கள் என்பதால் அதற்குமேல் பேசமாட்டார்.

காலேஜ் என்று அவர் குத்துவதற்குக் காரணம் இருந்தது. பியாவிஸ்தோக் நகரத்தில் ஐந்து வருஷம், உலோகம், பிசின் போன்ற பொருட்களின் தன்மையைப் படிக்கிற பொறியியல் படித்து முடித்தவள் கிங்கா. அவள் வீட்டில், ஏன், விக்ரி ஏரிக்கரையில் இருக்கிற அவள் கிராமத்திலேயே அப்படி ஒரு படிப்பு படித்த முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கி ஒன்றரை வருஷமாக, சுவாவ்கியில் அறை எடுத்துத் தங்கி, சைக்கிள் கடையில் நின்றாள். இருபத்தாறு விண்ணப்பம் போட்டாயிற்று. பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை. பதில் வந்த இடங்களில், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். அப்பா இல்லை, இருந்தபோது மர அறுவை ஆலையில் கட்டை தூக்கினார் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வாள். அதற்குப் பிறகு அவர்கள் வேறு எதுவும் கேட்பதில்லை.

அதனால் அவளுக்குக் கோபம் நிறைய இருந்தது. கடைக்கு வருகிற பல் டாக்டர்கள், வக்கீல்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிள் ஓட்டுகிற கம்பெனி முதலாளிகள், குனிந்து நாடாக் கட்டுகிறவள் யார் என்றுகூடப் பார்க்காமல் காலை நீட்டினார்கள். முதல் மாதத்திலேயே ஒரு உயரமான ஸ்டூலை வாங்கிப்போட வைத்தாள். காலை அதன்மேல் தூக்கி வையுங்கள், நான் நின்றுகொண்டே பார்ப்பேன் என்றாள். யார் காலடியிலும் முட்டி போடுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் முதன்முதலாகத் தானாக முட்டி போட்டு அளவெடுத்தது அக்காளுக்குத்தான். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம், கிராமத்து வீட்டு அடுப்படியில்.

அக்கா ரெனாதா அவளைவிட ஒன்பது வயது மூத்தவள், தபால்காரி. ஏரியைச் சுற்றியிருக்கிற பதினோரு சிற்றூர்களுக்கும் காட்டுப் பாதை வழியாக சைக்கிளில் தினம் இருபத்தாறு கிலோமீட்டர் போய்வருவாள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைக்க மட்டும் செய்யும், எந்தக் கிழவருக்குக் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டும், எந்தக் கிழவியிடம் தபால் கார்டைப் படிக்காததுபோல நடிக்க வேண்டும், எல்லாம் அவளுக்குத் தெரியும். கிங்கா பியாவிஸ்தோக் விடுதியில் இருந்த ஐந்து வருஷமும், ஒரு வெள்ளிக்கிழமை விட்டு ஒரு வெள்ளிக்கிழமை பஸ் டிரைவரிடம் அக்கா ஒரு பெட்டி கொடுத்தனுப்புவாள். உள்ளே முட்டைக்கோஸ் கறி, ஊறுகாய் வெள்ளரி, வாத்துக்கொழுப்பு, எல்லாம் கண்ணாடி ஜாடிகளில், மூடிமேல் தேதியோடு. அப்பா இறந்துபோன வருஷம், பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு தபால் பையை மாட்டிக்கொண்டவள் அவள். அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

பனிக்காலத்தில் ரெனாதா கம்பளியை அழுத்திச் செய்த பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டினாள். சூடாக இருக்கும், ஆனால் பெடலில் வழுக்கும், நனைந்தால் கல்லாகக் கனக்கும். போன வருஷம் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். இந்த வருஷம் உன் பெயர் நாளுக்கு நான் நல்ல ஷூ தருகிறேன் என்று கிங்கா வாக்குக் கொடுத்தாள். நவம்பர் பன்னிரண்டு, அந்தப் பெயர் கொண்ட புனிதரின் திருநாள்; ரெனாதாக்கள் எல்லாருக்கும் அது பிறந்தநாள் மாதிரி.

கேக் சுடுகிற தாளைத் தரையில் விரித்து, இரண்டு சாக்ஸோடு அக்காளை நிற்க வைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள்.

"பொணத்துக்கு அளவெடுக்கிற மாதிரி எடுக்கிறியேடி."

"ஆடாம நில்லு. உன் கால் நாப்பது. குளிருக்கு நாப்பத்திரண்டு."

"காலா இது, படகு. வெளிய சொல்லாதே."

அக்டோபர் கடைசியில் சரக்கு வந்தது. கணுக்காலுக்குமேல் ஏறி மூடுகிற, தண்ணீர் புகாத, உள்ளே தடித்த பஞ்சு வைத்த அந்த ரகத்தில் மூன்றே ஜோடிதான் அனுப்பியிருந்தார்கள்: நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துநான்கு. அடுத்த சரக்கு பிப்ரவரியில் என்று சப்ளைக்காரர் சொல்லிவிட்டார். கிங்கா நாற்பத்திரண்டை எடுத்து, ஒரு சீட்டில் ரெனாதா என்று எழுதி ஒட்டி, பின்னறை அலமாரியில் வைத்தாள். கடை சாத்திய பிறகு உட்கார்ந்து, பெடலில் மாட்டிக்கொள்ளும் கட்டையைப் பொருத்துவதற்காக அடியில் விட்டிருந்த ஓட்டைகளை மெழுகால் அடைத்தாள். அந்த வழியாகத்தான் குளிர் ஏறும். உள் அட்டைக்கு அடியில் இன்னொரு கம்பளி அட்டை வெட்டிப் போட்டாள். வால்தெமர் எட்டிப் பார்த்து, பிரதமருக்கா என்று கேட்டார். பிரதமருக்கு இது கிடைக்காது என்றாள்.

நவம்பர் முதல் வாரம், ஒரு சாயங்காலம், ருட்ஸ்கி கடைக்குள் வந்தார். ஊருக்கு வெளியே படகு செய்கிற தொழிற்சாலையின் டைரக்டர். பேப்பரில் படம் வருகிற முகம் என்பதால் கிங்காவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்துக்கு அவள் விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. பிசினும் கண்ணாடி இழையும் குளிரில் எப்படி விரிசல் விடுகின்றன என்பதுதான் அவள் கடைசி வருஷ ஆய்வு. அந்த வேலை அவளுக்காகவே செய்துவைத்தது போல இருந்தது.

அவர் தணிந்த குரலில், தொந்தரவு கொடுக்க விரும்பாதவர்போலக் கேட்டார். பனியில் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை, ஷூ ஏதாவது இருக்கிறதா. சாக்ஸ்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தார். கிங்கா நாற்பத்தொன்றைக் கொடுத்தாள். அவர் போட்டு எழுந்து நின்றார். நன்றாக இருக்கிறது, இதையே கட்டிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

அவ்வளவுதான். அவர் பையில் கைவிட்டுப் பணப்பையைக்கூட எடுத்துவிட்டார். கிங்கா ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் போதும்.

அவள் முட்டி போட்டாள். ஸ்டூல் ஒரு கை தூரத்தில் இருந்தது. அதை இழுக்கத் தோன்றவில்லை. அவர் குதிகாலுக்குப் பின்னால் விரலை நுழைத்துப் பார்த்தாள், நுழையவில்லை.

"சார், இது வேணாம் சார். விரலுக்கு இடமே இல்ல. ஒரு நிமிஷம் இருங்க."

பின்னறைக்குப் போனாள். சீட்டைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நாற்பத்திரண்டைக் கொண்டுவந்து, தானே மாட்டிவிட்டு, தானே நாடாவை இழுத்துக் கட்டினாள். அவர் விரல்களை நெளித்துப் பார்த்து, அடடா, வித்தியாசம் தெரிகிறதே என்றார். அடியில் அடைத்திருப்பதையும் கம்பளி அட்டையையும் அவள் விளக்கினாள். தான் பொறியியல் படித்தவள் என்பதையும் ஊடே சொல்லிவைத்தாள். நல்லது, நல்லது என்று அவர் தலையாட்டினார். பெயர் கேட்கவில்லை. போகும்போது கதவருகே திரும்பி இன்னொரு முறை நன்றி சொன்னார். மரியாதையான மனிதர்.

வால்தெமர் கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது உன் அக்காளோடது இல்ல?"

"நாப்பத்தொண்ணே அவளுக்குப் போதும்," என்றாள் கிங்கா.

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கத்தியிருக்கலாம் என்று பின்னால் அவள் பலமுறை நினைத்திருக்கிறாள். எத்தனையோ வெட்டி விஷயத்துக்குக் கத்துகிற மனிதர்.

பெயர் நாளன்று சித்திகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று அடுப்படி நிறைந்திருந்தது. பிப்ரவரி வரை பொறுத்துக்கொள் என்று அக்காளிடம் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது சொல்வதாகத்தான் இருந்தாள். ஆனால் வெறுங்கையோடு வாசலில் நிற்பதை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. பெட்டியில் நாற்பத்தொன்று இருந்தது. அதன் அடியையும் அடைத்து, உள்ளே கம்பளி அட்டையும் போட்டிருந்தாள். அந்த அட்டை, இருந்த கொஞ்ச இடத்தையும் தின்றுவிட்டது.

ரெனாதா நாக்குப் பட்டையைப் புரட்டி எண்ணைப் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. நீ ரெண்டுன்னே?"

"இந்தக் கம்பெனி அளவு கொஞ்சம் பெருசா வரும் அக்கா."

"பெருவிரல் லேசா இடிக்குதுடி."

"போடப் போட இளகிடும்."

இரண்டும் பொய். அந்தக் கம்பெனி அளவு சிறிதாகத்தான் வரும். பிசின் தடவிய அந்தத் துணி பத்து வருஷம் போட்டாலும் ஒரு நூல் இளகாது. அதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த மாவட்டத்தில் யாரும் இல்லை. ரெனாதா சித்திகளைப் பார்த்துச் சிரித்து, இன்ஜினியரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று ஷூவோடு அடுப்படியில் நடந்து காட்டினாள். வீட்டுக்குள் ஷூவா என்று அம்மா திட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். கிங்காவும்.

டிசம்பரில் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. பிப்ரவரி ஒன்றாம் தேதி வேலையில் சேரச் சொல்லி. அதைக் கொண்டுவந்து கொடுத்ததும் ரெனாதாதான், தன் பையில் இருந்து, ஊர்க் கடிதம் கொடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு. தங்கை கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த நேரம். பிரித்துப் படித்ததும் இருவரும் பனியில் நின்று கட்டிக்கொண்டார்கள். அக்கா தோளுக்குமேல் முகத்தை வைத்துக்கொண்டு, ஷூவை அவருக்குக் கொடுத்தது வீண் போகவில்லை என்று கிங்கா நினைத்தாள். அந்த நினைப்பை இப்போது என்ன செய்தாலும் அழிக்க முடியவில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி, மூவரசர் திருநாள் முடிந்து மூன்றாம் நாள், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. அதைவிட மோசமான குளிரில் ரெனாதா கம்பளி பூட்ஸோடு ஓட்டியிருக்கிறாள். அன்றைக்கு ஏரியின் வடகரைப் பாதையில் பனியைத் தள்ளி ஒதுக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நாலு கிலோமீட்டர் நடந்தாள். முதல் ஒரு மணி நேரம் இடது கால் விரல்கள் கடித்துத் தின்றன. பிறகு வலி நின்றுவிட்டது. ஓய்வூதியம் எதிர்பார்த்திருந்த கடைசி வீடுவரை போய்க் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, திரும்பியும் ஓட்டினாள். வீட்டில் ஷூவைக் கழற்றியபோது இடது கால் விரல்கள் வெள்ளை மெழுகாக உறைந்திருந்தன.

"வலி நின்னதும் நிம்மதியா இருந்துச்சு," என்று ஆஸ்பத்திரியில் அவள் தங்கையிடம் சொன்னாள். "ஷூ இளகிடுச்சுன்னு நெனச்சேன். நீ சொன்னியே, அது மாதிரி."

கிங்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனியில் ஓட்டுகிறவர்கள் வலிக்கு அல்ல, வலி நிற்பதற்குத்தான் பயப்பட வேண்டும் என்று எத்தனை பேருக்குக் கடையில் சொல்லியிருப்பாள். அக்காளுக்கு அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் வலிக்கும் என்று கேட்பாளே.

விரல்கள் தேறுமா என்று பத்து நாள் பார்த்தார்கள். இடது காலில் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுக்க வேண்டியதாயிற்று. நடக்கலாம், கொஞ்சம் பழகினால் நொண்டல்கூடத் தெரியாது என்றார் டாக்டர். ஆனால் ஒருமுறை உறைந்த பாதம் இனிக் குளிர் தாங்காது. பனிக்காலத்தில் வெளி வேலை கூடாது. தபால் ஆபீஸில் அவளை உள்ளே உட்கார வைத்து முத்திரை குத்தவும் கடிதம் பிரிக்கவும் சொன்னார்கள். பதினோரு ஊரையும் கார் வைத்திருக்கிற ஒரு ஆளுக்குக் கொடுத்தார்கள். காட்டுப் பாதைக்குள் கார் போகாது. அவன் கூட்டுரோட்டில் ஒரு பெட்டி வைத்து, எல்லார் கடிதத்தையும் அதில் போட்டுவிட்டுப் போனான். கிழங்கள் பனியில் நடந்துவந்து எடுத்துக்கொண்டன. அதைக் கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் ரெனாதா அழுதாள் என்று அம்மா சொன்னாள். விரல் போனதற்கு அழவில்லை.

பிப்ரவரி ஒன்றாம் தேதி சோதனைக்கூடத்தில் கிங்காவுக்கு முதல் நாள். பதினொரு மணிக்கு டைரக்டர் ருட்ஸ்கி புதியவர்களைப் பார்க்க வந்தார். வரிசையாகக் கைகுலுக்கினார். அவள் முன்னாலும் வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். ஏரி அழகான இடம் என்றார். அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அவருக்கு அவளைத் தெரியவில்லை. இருபது நிமிஷம் அவர் காலடியில் கிடந்திருக்கிறாள், அந்த முகத்தில் ஒரு கீற்றுக்கூட இல்லை. மத்தியானம் ஆபீஸ் அம்மாள் ஒருத்தியிடம், என்னை யார் தேர்ந்தெடுத்தது என்று விளையாட்டுப்போலக் கேட்டாள். சோதனைக்கூடத் தலைவர்தான், அந்த விரிசல் ஆய்வைப் படித்துவிட்டு அக்டோபரிலேயே டிக் போட்டுவிட்டார் என்றாள் அந்த அம்மாள். டைரக்டர் மேஜைக்கு இதெல்லாம் போவதே கிடையாதாம்.

அக்டோபரிலேயே. அவர் கடைக்குள் கால் வைப்பதற்கு முன்பே.

அன்று கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டு, யார்மீது கோபப்படலாம் என்று கிங்கா தேடினாள். எப்போதும் யாராவது கிடைப்பார்கள். காலை நீட்டுகிறவர்கள், அப்பா என்ன செய்தார் என்று கேட்கிறவர்கள். இன்றைக்கு யாரும் அகப்படவில்லை. அந்த மனிதர் நாற்பத்தொன்று போதும் என்றுதானே சொன்னார்.

மார்ச் மாதம், தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. அம்மா மாதாகோவிலுக்குப் போயிருந்தாள். ரெனாதா அடுப்படியில் உட்கார்ந்து, கறி வைத்துப் பிடிக்கிற உருண்டைக்கு உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். இடது காலை ஒரு சின்னப் பலகைமேல் தூக்கி வைத்திருந்தாள். கிங்கா மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து தோல் சீவினாள். மூன்று ஞாயிறாகச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் திரும்பியிருந்தாள்.

"அக்கா. நாப்பத்திரண்டு கடையில இருந்துச்சு. உன் பேர் எழுதி எடுத்து வச்சிருந்தேன். இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டேன்."

ரெனாதாவின் கை நிற்கவில்லை. "யாருக்கு?"

"எங்க டைரக்டருக்கு."

"அவரு கேட்டாரா?"

"இல்ல. நாப்பத்தொண்ணே போதும்னாரு. நான்தான் வேணாம்னு சொல்லி, உள்ள போய் எடுத்துட்டு வந்தேன்."

"கொடுக்கலைன்னா வேலை இல்லைன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"அவருக்கு நான் யாருன்னே தெரியாது அக்கா. இப்பவும் தெரியாது."

துருவல் நின்றது. ரெனாதா கிண்ணத்தில் ஊறிய தண்ணீரைச் சாய்த்து வடித்தாள். நிதானமாக, கடைசிச் சொட்டுவரை. பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"அந்த டாக்டரு எங்கிட்ட கேட்டாரு, ஏம்மா இவ்வளவு இறுக்கமான ஷூவைப் போட்டீங்கன்னு. நான் அவரோட சண்டை போட்டேன், தெரியுமா உனக்கு? எந்தங்கச்சி இன்ஜினியரு, தாள்ல வரைஞ்சு அளவெடுத்து வாங்குனது, இறுக்கமா இருக்க வழியே இல்லன்னு. நர்ஸுங்க எல்லாம் நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. அவரு சிரிச்சிக்கிட்டே போனாரு."

கிங்கா கத்தியைக் கீழே வைத்தாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வார்த்தை ரொம்பச் சின்னதாகத் தெரிந்ததால் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சின்னதோ பெரிதோ, அதுவாவது அக்காளுக்குக் கிடைத்திருக்கும்.

"அவன் பிடுங்கிட்டுப் போயிருந்தா அவனைத் திட்டிட்டு விட்டிருப்பேன்," என்றாள் ரெனாதா. "நீயே எடுத்துக் கொடுத்திருக்கே. போடப் போட இளகும்னு வேற சொன்னே. நானும் தினம் காலையில போடும்போது, இன்னைக்கு இளகும் இன்னைக்கு இளகும்னுதான் போட்டேன்."

மீதிக் கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நாளைக்கு ஞாயித்துக்கிழமை வராதே கிங்கா. நானா கூப்பிடறேன்."

அம்மா திரும்பி வருவதற்குள் கிங்கா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேட்டருகே எதிர்ப்பட்ட அம்மா, சாப்பிடாமல் எங்கே போகிறாய், ரெண்டு பேருக்கும் சண்டையா என்று கேட்டாள். சண்டை இல்லை என்று சொன்னாள். அது உண்மைதான்.

ஏப்ரலில் ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை அம்மா போன் செய்தாள். பன்றித்தொடை வேகவைத்தாயிற்று, முட்டைக்குச் சாயம் போட்டாயிற்று, எந்த பஸ்ஸில் வருகிறாய் என்றாள். அக்கா வரச் சொன்னாளா என்று கிங்கா கேட்டாள். அம்மா கையால் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ கேட்பதும், பதில் வராததும் தெரிந்தது.

"உன் வீடுதானே, யாரு சொல்லணும்?" என்றாள் அம்மா.

சோதனைக்கூடத்தில் வேலை இருக்கிறது, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி கிங்கா போனை வைத்தாள். நாலு நாளும் தொழிற்சாலை பூட்டித்தான் கிடந்தது.